இரும்பைத் தொட்ட கைகள்

கெய்ர்ன்ஹேவன்,
அக்டோபர், புதன்கிழமை காலை

அன்பு மகள் ரோனாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை க்ரெய்க்கும் குட்டி மார்னியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி இன்னிஸும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், இளகினால் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு கப் டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி. நடுவில் எழுந்து போகாதே. பாதியில் எழுந்து போகிற பழக்கம் உனக்கு உண்டு, அதைப் பற்றியும் இதில் வரும்.

முதலில் வீட்டுச் சமாசாரம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் மழை வரப்போகிறது என்பதை அது முன்கூட்டியே சொல்கிறது, அதை எதற்குச் சரிசெய்ய வேண்டும் என்கிறார். போன வாரம் பேக்கரி வாசலில் ஒரு கடல்புறா அவர் கையிலிருந்த வெண்ணெய் ரொட்டியை அப்படியே பிடுங்கிக்கொண்டு போனது, இரண்டு நாளாக அந்தப் பறவையை அடையாளம் கண்டுபிடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்னிக்குப் பின்னிய நீலத் தொப்பியைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். உலகத்தின் அந்தக் கோடியில் உங்களுக்கு இப்போது வசந்தகாலம் என்று தெரியும், இருந்தாலும் வசந்தகாலக் காற்றுதான் பிள்ளைகளின் காதைக் கெடுக்கும், போட்டுவிடு. தொப்பியை நான் கோபம் வருவதற்கு முன்னால் பின்னி முடித்தேன், அதனால் பின்னல் எல்லாம் இறுக்கமில்லாமல் நன்றாக வந்திருக்கிறது. இப்போது ஆரம்பித்திருந்தால் அது அவள் தலைக்குள் நுழைந்திருக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எய்லி என்ற பெண்ணைப் பற்றிப் போன மாதம் உன்னிடம் சொன்னேன். கிளாஸ்கோவிலிருந்து வந்து போன குளிர்காலம் முழுக்க நம் துறைமுகத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள். போதையில் விழுந்து எழுந்து வந்தவர்கள் மூன்று பேரை வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறாள், முக்கால் மணி நேரம்கூட ஓடாது. அவளைக் கேட்டால் படம் முக்கியமில்லை என்பாள். படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டு ஊர்க்காரர்கள் பேச வேண்டும், அதற்காகத்தான் படமே. முதல் ஆளாக வாயைத் திறப்பதுதான் எவருக்கும் கஷ்டம், அந்தக் கஷ்டத்தைத் திரையில் இருப்பவர் எடுத்துக்கொண்டால் ஹாலில் இருப்பவர்கள் இரண்டாவது ஆளாகப் பேசிவிடலாம் என்று என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது. இதற்கு முன் போதையைப் பற்றிப் பேச வந்தவர்கள் எல்லாம் வரைபடம் காட்டிப் பேசிவிட்டு ஆளுக்கொரு இலவசப் பேனா கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் அந்தப் பேனா ஆறோ ஏழோ கிடக்கிறது, ஒன்றுகூட எழுதுவதில்லை. அந்த மூன்று பேரில் நம் ஊர்க்காரன் ஒருவன்தான், அது இன்னிஸ். மற்ற இருவரும் தெற்கே எங்கேயோ இருப்பவர்கள். நம் சனங்கள் வாயைத் திறக்க வேண்டுமானால் அவன் முகம் திரையில் வர வேண்டும், இல்லாவிட்டால் பாவம் அந்த ஊர்களில் இப்படியெல்லாம் நடக்கிறதாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

நம் ஊரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு ஆத்திரம் தீர வேண்டும். இங்கே இருபத்தைந்து வயசுப் பையன்களுக்குத் திடீர் திடீரென்று இதயம் நின்றுபோகிறது. காலையில் படகிலிருந்து இறங்கிய பையன், சாயங்காலம் 'ஹார்ட்'. உலகத்தில் வேறெங்கும் இல்லாத இதயநோய் இந்த ஒரு துறைமுகத்தைச் சுற்றி மட்டும் இருக்கிறது. அடக்கத்துக்கு எல்லோரும் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வருவோம், சூப் குடிப்போம், ஹார்ட் என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போவோம். பழைய கேப்டன் கிப் டதியின் மகன் காலினுக்கு அப்படித்தான் ஹார்ட். நீயும் அவனும் ஒரே வகுப்பு. நம் ஆட்களுக்கு இது சுலபமாக வரும், ஏனென்றால் தலைமுறை தலைமுறையாகச் சொல்லாமல் இருந்து பழகியவர்கள். கடலில் சால்மன் என்று சொல்லக் கூடாது, சிவப்பு மீன் என்றுதான் சொல்ல வேண்டும். பன்றி என்று சொல்லக் கூடாது, பாதிரியார் என்று சொல்லக் கூடாது. எவனாவது வாய் தவறிச் சொன்னால் படகில் இருக்கிற அத்தனை பேரும் சட்டென்று பக்கத்தில் இருக்கிற இரும்பைத் தொட்டு 'சில்லிரும்பு' என்று முணுமுணுக்க வேண்டும், அப்போதுதான் வந்த கெடுதல் இரும்போடு போகும். நீ ஆறு வயசில் ஒரு நாள், அப்பா கடலுக்குப் புறப்படுகிற காலையில், பள்ளிக்கூடத்தில் சால்மன் படம் வரைந்ததாகச் சொல்லிவிட்டாய். அவர் ஓடிப்போய் சூடான இரும்பு அடுப்பைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டு, அன்றைக்குக் கடலுக்கே போகாமல் உட்கார்ந்திருந்தார். நாம் எத்தனை தடவை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரிக்கிற விஷயமில்லை என்று இந்தச் சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

படத்தைச் சர்ச் ஹாலில் போட விடுவதற்கே வில்மா கார்ட்னோவுக்கு மனசில்லை. உனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் எடுத்த அதே வில்மாதான், இப்போது ஹால் கமிட்டியின் தலைவி. அவள் அடித்து ஒட்டிய போஸ்டரைப் பேக்கரிக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கடல்புறா படம், கீழே 'நம் ஊர் நலம் பற்றி ஒரு மதியப் பொழுது, தேநீரும் கேக்கும் உண்டு' என்று மட்டும். போதை என்ற வார்த்தையே இல்லை. கேக் சாப்பிடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பாதிப் பேர் வந்திருப்பார்கள். அதற்கே எனக்குச் சுள்ளென்று வந்தது, அப்பாதான் விடு நெட்டா, எப்படியாவது ஆள் சேரட்டும் என்றார். விட்டேன்.

சனிக்கிழமை காலை இன்னிஸ் ஐஸ் ஃபாக்டரியில் லீவு சொல்லிவிட்டு வந்தான். அவன் எப்போது இஸ்திரி போட்டு நீ பார்த்திருக்கிறாய்? அன்றைக்குப் போட்டான். வெள்ளைச் சட்டைக்கு, காலருக்கு இரண்டு தடவை. முன்வரிசையில் உட்கார்ந்தான், நானும் அப்பாவும் அவனுக்குப் பின்வரிசையில். ஹால் நிறைந்துவிட்டது, அந்தப் பழைய மடக்கு நாற்காலிகளில் மிச்சமிருந்தவற்றையும் பின்னால் எடுத்துப் போட்டார்கள், இரும்புக் கால் வைத்தவை, உட்கார்ந்தாலே கிறீச்சென்று கத்துமே, அவை. விளக்கை அணைத்தார்கள். முதலில் ஒரு டாக்சி டிரைவர் பேசினார், அடுத்து ஒரு நர்ஸ். இருவரும் நன்றாகத்தான் பேசினார்கள், வேறு ஊர்ப் பேச்சு. அப்புறம் நம் துறைமுகம் வந்தது, ஐஸ் ஃபாக்டரியின் நீலக் கதவு வந்தது, என் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கதவு திறக்கவில்லை. இசை வந்தது, கடல் வந்தது, பெயர்கள் ஓடின. அவன் பெயர் அதில் இல்லை. விளக்கைப் போட்டார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரித்தபடியே காலரைச் சரிசெய்துகொண்டான். ரோனா, பெற்றவள் எழுதுகிறேன், அந்தச் சிரிப்பை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன், ஊசிக்குப் போவதற்கு முன்னால் எல்லாம் அப்படித்தான் சிரிப்பான்.

நான் நேரே எய்லியிடம் போனேன். குடும்பம் கேட்டுக்கொண்டதாகச் சொல்லி நேற்றுதான் ஹால் கமிட்டியில் வெட்டச் சொன்னார்கள், நீங்கள்தான் கேட்டீர்கள் என்று நினைத்தேன் என்றாள். இன்னிஸுக்கும் தெரியும் என்று நினைத்தாளாம். கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று அவளையும் நான் விடவில்லை. அப்புறம் டீ பாய்லருக்குப் பக்கத்தில் நின்றிருந்த வில்மாவைப் பிடித்தேன், எந்தக் குடும்பம் என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரோனாதான் போன் பண்ணா நெட்டா. அழுதா. தன் கல்யாணத்துல அவன் பண்ணின கூத்தைச் சிரிச்சுக்கிட்டே ஊருக்குச் சொல்றான், தயவு செஞ்சு எடுத்துருங்கன்னு கெஞ்சினா. உங்க வீட்டு மானத்தைத்தானே காப்பாத்தினேன்" என்றாள். வில்மாவுக்கு அடுத்த தெருவில்தான் நான் இருக்கிறேன். அவனும் அதே வீட்டில் இருக்கிறான். எங்கள் இருவரையும் விட்டுவிட்டு உலகத்தின் மறுகோடியிலிருந்து வில்மா கார்ட்னோவுக்குப் போன் பண்ணியிருக்கிறாய். உனக்கு வயிறு எரிந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். அவனைக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குள் வில்மா கையைத் தட்டி, படத்துக்கு நன்றி, எல்லோரும் டீக்கு வாருங்கள் என்று அறிவித்துவிட்டாள். நாற்காலியைத் திருப்புவது, பேசுவது, எதுவும் கிடையாது. சனங்கள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். எனக்குப் பேச வராது, அது உனக்கே தெரியும், ஒரு அடக்கத்தில்கூட நான் நாலு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு ஆத்திரம் பேசியது. நான் கத்தவும் இல்லை. "உக்காருங்க. டீ எங்கயும் ஓடிப்போயிடாது. என் மகன் இன்னிஸ் ஹெராயின் போட்டுக்கிட்டிருந்தான். இந்த ஊர்லதான், இந்தத் துறைமுகத்துலதான். இப்ப போடறதில்ல. அவன் பேசினது இந்தப் படத்துல இருந்துச்சு, வெட்டி எடுத்துட்டாங்க" என்றேன்.

அப்போது நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஹெராயின் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் அந்த ஹாலில் இருந்த அத்தனை கைகளும் கீழே போயின. யாரும் யோசிக்கவில்லை. நாற்காலியின் இரும்புக் காலைத் தொட்டார்கள். எழுந்து நின்றிருந்தவர்கள் சுவரோரம் இருந்த ரேடியேட்டரைத் தொட்டார்கள். கல்யாண மோதிரங்கள் இரும்பில் பட்ட சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை, எல்லோரும் தங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம் பக்கத்திலிருப்பவரின் கையைப் பார்த்தார்கள். அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று எந்தக் கிழவனும் எவருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ரோனா. சால்மனுக்கும் பன்றிக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இதை அவரவர் வீட்டுக்குள் தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு கற்றுக்கொண்டிருக்கிறார்கள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்குத் தெரியாமல். எங்கள் வரிசையில் பார்த்தால் உன் அப்பாவின் கையும் நாற்காலிக் காலில்தான் இருந்தது. இன்னிஸ் திரும்பி அதைப் பார்த்துவிட்டான். ஐயோ, போச்சு என்று நினைத்தேன். அவன் நேரே அவரைப் பார்த்து, "அப்பா, இது சால்மன் இல்லப்பா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் அந்த அமைதியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அப்புறம் ஹாலே சிரித்தது. உன் அப்பா சிரிக்கவில்லை. கையை எடுத்தார், முழங்கால் வலியோடு எழுந்து, வரிசையைச் சுற்றிக்கொண்டு போய் முன்வரிசையில் இன்னிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் செய்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கிறவள் அவரைக் கட்டியிருக்க மாட்டாள்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் கிப் டதி பேசினார். ரேடியேட்டரில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. "என் காலினுக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்ல. நல்ல ஹார்ட் அவனுக்கு. ஊசிதான். நான்தான் கதவை உடைச்சுக்கிட்டு உள்ள போனேன். அன்னிலேர்ந்து ஹார்ட் ஹார்ட்னு சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் மாதிரி ஆயிடுச்சு" என்றார். எய்லி சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அப்புறம் எல்லோரும் திருப்பினார்கள், கிறீச் கிறீச்சென்று. ஹாலைப் பூட்டுகிறவர் சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கிற வரைக்கும் பேசினார்கள். யார் யார் என்ன சொன்னார்கள் என்று உனக்கு எழுத மாட்டேன், அங்கே இருந்தவர்களுக்கு மட்டும் சொன்னது அது. நீ இங்கே இல்லை. வில்மா ஆறிப்போன டீயையே ஊற்றிக்கொண்டிருந்தாள், கடைசியில் ஒரு தட்டில் பெரிய கேக் துண்டாகப் பார்த்து வைத்து இன்னிஸிடம் நீட்டினாள். அவன் வாங்கிச் சாப்பிட்டான். நானாக இருந்தால் அது வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் நான் உன்னைச் சும்மா இரண்டு திட்டுத் திட்டிவிட்டு விட்டிருப்பேன். முடியவில்லை. பேச்சு நடுவில் எய்லி, வெட்டின பகுதி என்னிடம் இருக்கிறது, இப்போதே போடவா என்று கேட்டாள். எல்லோரும் போடு என்றார்கள். இன்னிஸ்தான் வேண்டாம் என்றான். அது அக்காவுக்குச் சொன்னது, அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன், அவளிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, அங்கே பகலும் ராத்திரியும் மாறி இருக்கும், அவள் பார்த்த பிறகு ஊர் பார்க்கட்டும் என்றான். எனக்கு அப்போதுதான் அவன் உனக்கு அனுப்பியதே தெரியும். வீட்டுக்கு நடந்து வரும்போது என்னிடம் கேட்டான், ஏம்மா வெட்டினாங்க, நான் சரியாப் பேசலையா, இழுத்து இழுத்துப் பேசினேனா என்று. எனக்குக் காரணம் தெரியும், அதைச் சொல்ல வேண்டியவள் நானில்லை என்றேன். அவனோ தன் பேச்சு நன்றாக இல்லை, அதனால்தான் தூக்கிவிட்டார்கள், தன் மேல் பாவப்பட்டுச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். நேற்று செவ்வாய்க்கிழமை. போதையை விட்டவர்கள் கூடுகிற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு அவன் மழையிலும் பனியிலும் போகிறவன், காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறான். நேற்றுப் போகவில்லை. களைப்பாக இருக்கிறது என்றான். நான் பாத்திரத்தை மூன்று தடவை கழுவினேன். இதுதான் விஷயம், ரோனா. உன் கல்யாண மானம் இல்லை விஷயம். என் பிள்ளை அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கே இருப்பான் என்பதுதான் விஷயம்.

எய்லியை வரவழைத்து அந்தப் பகுதியை நான் திங்கட்கிழமையே சமையலறை மேசையில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஐஸ் ஃபாக்டரிக் கதவு திறக்கிறது, அவன் வெளியே வந்து ஒரு மீன் பெட்டி மேல் உட்காருகிறான். என் அக்கா கல்யாணத்தில் நான் வாழ்த்துச் சொல்ல வேண்டியவன், ஹோட்டல் கழிவறையில் ஊசி போட்டுக்கொண்டு வந்து கேக் மேசை மேல் விழுந்தேன் என்று சொல்லிச் சிரிக்கிறான். நீ வில்மாவிடம் சொன்ன சிரிப்பு அதுதான். அது ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. நீ அங்கேயே நிறுத்திவிட்டாய். நிறுத்தவில்லை என்று என்னிடம் சொல்லாதே, மீதியைப் பார்த்திருந்தால் நீ வில்மாவுக்குப் போன் பண்ணியிருக்க மாட்டாய். அந்தச் சிரிப்பு ஒரு நொடிகூட நீடிக்கவில்லை. அப்புறம் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், எய்லியும் கேமராவை அசைக்கவில்லை. அப்புறம் சொல்கிறான்: "அவ அழுததை நான் அன்னிக்குப் பாக்கல. கண்ணு முன்னாலதான் அழுதா, நான் பாக்கல. அப்புறம் கல்யாண வீடியோலதான் பாத்தேன். வெள்ளை கவுன்ல கீழ உக்காந்து என் மேல இருந்த கிரீமைத் தொடைச்சுவிட்டா. யார் யார்கிட்டயோ மன்னிப்புக் கேட்டுட்டேன், அவகிட்ட மட்டும் வாய் வரல. போன் பண்ணினா மழையப் பத்திப் பேசி வெச்சுடறேன். அதான் இங்க சொல்றேன். மன்னிச்சுக்க அக்கா." நான் அவன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன், இரண்டு தடவை ஓடவிட்டு எழுதினேன். உனக்குச் சொன்ன அந்த வார்த்தையைத்தான் நீ வெட்டச் சொல்லியிருக்கிறாய்.

உனக்குக் கோபப்பட உரிமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. அன்றைக்கு நான்தான் உன் கவுனைக் குளிர்ந்த தண்ணீரில் அலசினேன், கறை போகவில்லை. அவன் உன்னிடமிருந்து என்னென்ன எடுத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியும். வீட்டில் எந்நேரமும் அவனைப் பற்றியே பேச்சு, உனக்குப் பரீட்சை என்றாலும் காய்ச்சல் என்றாலும் அடுத்த அறையில் அவனைத்தான் காவல் காத்தோம். நீ இவ்வளவு தூரம் போனதற்கு க்ரெய்க்கின் வேலை மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. கோபப்படு. அவனிடம் நேராகக் கோபப்படு, அவனால் தாங்க முடியும், அதைவிடப் பெரியதையெல்லாம் தாங்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனால் தாங்க முடியாதது இந்த மூடி மறைக்கிற வேலைதான். உன் மாமியார் வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்றும் வில்மாவிடம் சொன்னாயாம். அவர்கள் வீட்டிலும் இரும்பு நாற்காலி இருக்கும், தட்டிப் பார்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை பக்கத்து ஊர் மீனவர் சங்க ஹாலில் இந்தப் படத்தைத் திரும்பப் போடுகிறார்கள். கிப் டதி தானும் வந்து பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வெட்டின பகுதியைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று எய்லி இன்னிஸிடம் கேட்டிருக்கிறாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா, நல்லா இல்லேன்னா வேண்டாம் என்று. அதனால் நீ செய்ய வேண்டியது இரண்டு காரியம். அவன் அனுப்பியதை முதலிலிருந்து கடைசி வரை பார், க்ரெய்க்கையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார். அப்புறம் அவனைக் கூப்பிட்டு, வெட்டச் சொன்னது நான்தான் என்று உன் வாயால் சொல். மன்னிக்கச் சொல்லி நான் உன்னைக் கேட்கவில்லை, அது உன்னுடையது, உனக்கு எப்போது வருகிறதோ அப்போது வரட்டும். உண்மையைச் சொல் என்றுதான் கேட்கிறேன். அந்தச் சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் நீ சொல்லவில்லை என்றால் நானே சொல்லிவிடுவேன். இந்த ஊரில் இன்னொரு வார்த்தையை முழுங்கி வைத்துக்கொண்டு என்னால் பாத்திரம் கழுவ முடியாது.

இவ்வளவு திட்டியும் உன் மேல் எனக்கு இருக்கிற பாசம் ஒரு நூல்கூடக் குறையவில்லை, அதுவும் ஒரு எரிச்சலாகத்தான் இருக்கிறது. கடவுள் உன்னையும் உன் வீட்டையும் காப்பாற்றட்டும். மார்னி நல்ல காதோடும் நல்ல வாயோடும் வளரட்டும், மனசில் இருப்பதைச் சொல்லத் தெரிந்த வாயாக இருக்கட்டும். அப்பா தன் அன்பைச் சொல்லச் சொன்னார், இல்லை, சொல்லச் சொல்லவில்லை, ஆனால் தபால்தலையை அவர்தான் நாக்கில் தடவி ஒட்டினார். தொப்பியை வெந்நீரில் துவைக்காதே.

ஒன்று மறக்காதே. இந்தக் கடிதத்தை மடிக்கும்போது உன் கை தானாக அடுப்புப் பக்கம் போகும். நீ ஆர்ச்சி ஸ்லெசரின் மகள், போகத்தான் செய்யும். இரும்பைத் தொடாதே. போனை எடு.

உன்னைப் பெற்றவள்,
நெட்டா ஸ்லெசர்